தட்டைத் திரையும் கணினிப் பலகையும்



மீன்பிடி வள்ளத்தில் கடலின் ஆழத்தைக் காட்டும் கருவி, கடல்நீரை நன்னீராக்கும் பொறியின் முகப்பு, கூரையிலிருந்து இறங்கும் சூரிய மின்னை அளந்து காட்டும் பெட்டி, பாடசாலை மாணவர் கையாளும் சிறு கணினி ஆகிய இவை யாவற்றுக்கும் முகமாக அமைந்திருப்பது ஒரு தட்டைத் திரை. அத்திரையின் பின்னே, உள்ளங்கையளவான பலகையொன்றில், ஒரு முழுக் கணினியே அடங்கியிருக்கும். திரையையும் பலகையையும் மெல்லியதொரு நாடா வடம் இணைக்கும்.

ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு போன்ற இடங்களிலே உப்புக் காற்று முதலில் தாக்குவது இந்த நாடாவின் முனைகளையே. முனைகள் களிம்பேறியதும் திரை இருண்டுவிடும். உள்ளேயிருக்கும் பலகையோ பழுதின்றி ஆழத்தை அளந்துகொண்டும் மின்னைக் கணக்கிட்டுக்கொண்டும் இருக்கும். அதனை அறிவிக்கும் வழிதான் அடைபட்டுப் போயிற்று. அத்தகைய வேளையில், அதே அளவான வேறொரு திரையை வாங்கி, அதே நாற்பது முனைகளைக் கொண்ட நாடாவைச் செருகிவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணுவது இயல்பேயாம். ஆனால், செருகியபின் திரை வெள்ளையாக ஒளிர்வதோடு நின்றுவிடும். அல்லது எழுத்துக்கள் பக்கவாட்டில் நகர்ந்து, பாதி வெட்டுண்டு தோன்றும். சிவப்பு இருக்கவேண்டிய இடத்தில் நீலம் இருக்கும். திரையும் புதிது, பலகையும் நல்லது. அவ்வாறிருக்கவும் இவ்விரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை?

இதனை விளங்கிக்கொள்ளத் திரை எவ்வாறு வேலை செய்கின்றது என்பதைச் சற்றே நோக்குதல் வேண்டும்.

1888 ஆம் ஆண்டில், பிராக் நகரத்துத் தாவரவியலாளரான பிரீட்ரிக் றைனிற்சர் என்பவர், கொலத்தரோல் சார்ந்த ஒரு பொருளைச் சூடாக்கிய போது, அது இருமுறை உருகுவதைக் கண்டார். 145 பாகையளவில் அது கலங்கிய திரவமாயிற்று. 178 பாகையளவில் தெளிந்த திரவமாயிற்று. கலங்கிய அந்த இடைநிலையில் அப்பொருள் திரவம் போல ஓடியது. ஆயினும் ஒளியைப் பளிங்கு போலக் கையாண்டது. ஒற்றோ லேமன் என்னும் செர்மானிய அறிஞர் இதனை மேலும் ஆராய்ந்து, திரவப் பளிங்கு என்னும் கருத்தை நிலைநாட்டினார். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் இஃது ஆய்வுகூடத்து வேடிக்கையாகவே இருந்தது. 1968 இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் ஜோர்ஜ் கைல்மையரும் அவருடைய குழுவினரும் இதனைக் கொண்டு காட்சித் திரை அமைக்கலாம் என்று காட்டினர். அடுத்த இரண்டொரு ஆண்டுகளில், சுவிற்சர்லாந்திலே மார்ட்டின் சாற், வொல்வ்காங் கெல்வ்றிச் என்னும் இருவர், திரவப் பளிங்கு மூலக்கூறுகளைக் கால் வட்டம் முறுக்கி நிறுத்தும் முறையைக் கண்டனர். மின்னழுத்தம் கொடுத்தால் முறுக்கு அவிழும், ஒளி தடைப்படும். மின்னழுத்தத்தை நீக்கினால் முறுக்கு மீளும், ஒளி கடக்கும். கைக்கடிகாரம் முதல் கணினித் திரை வரை பரவியது இந்த முறையே.

இந்த வரலாற்றிலே தமிழர் நினைவிற் கொள்ளவேண்டிய பெயர் ஒன்றுண்டு. சேர் சி. வி. இராமனின் சகோதரி மகனான சிவராமகிருஷ்ண சந்திரசேகர், பெங்களூர் இராமன் ஆய்வு நிறுவனத்திலே 1971 இல் திரவப் பளிங்கு ஆய்வுகூடத்தைத் தொடங்கினார். (நொபெல் பரிசு பெற்ற வானியல் அறிஞர் சந்திரசேகர் இராமனின் சகோதரர் மகன், இவ்விருவரையும் ஒருவரென மயங்குவோர் இன்றும் பலர்.) அதுவரை அறியப்பட்ட திரவப் பளிங்குகளின் மூலக்கூறுகள் கோல் வடிவானவை. 1977 இல் சந்திரசேகரும், சதாசிவா, சுரேஷ் என்னும் அவருடைய உடன் ஆய்வாளரும், காசு போலத் தட்டையான மூலக்கூறுகளும் ஒன்றன்மேலொன்றாய் அடுக்கித் திரவப் பளிங்காகலாம் என்று நிறுவினர். பழைய முறுக்குத் திரைகளைப் பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் தலைகீழாய் மாறிக் கண்ணை ஏமாற்றும். இத்தட்டு மூலக்கூறுகளைப் பூசிய மெல்லிய படலமொன்றை 1990களில் ஜப்பானியர் திரையின் முகத்தில் ஒட்டி, அக்குறையைப் பெரிதும் தணித்தனர். பெங்களூரிலே தூய விஞ்ஞானமாகத் தொடங்கியது உலகின் மேசைகளுக்கு வந்து சேர்ந்தது இவ்வாறே.

இனித் திரையின் புள்ளிகளுக்கு வருவோம். பன்னவேலை தெரிந்த ஒரு தீவகத்துப் பெண், பனையோலைச் சார்வுகளை நெடுக்கும் குறுக்குமாக வைத்துப் பாய் இழைக்கும் போது, எந்தக் கட்டத்திலே சாயமோலை மேலே வரவேண்டும் என்பதை வரிசை எண்ணித் தீர்மானிப்பாள். தட்டைத் திரையும் நெடுக்கு வரிசையும் குறுக்கு வரிசையுமான புள்ளிகளின் பாய்தான். 640 நெடுக்கும் 480 குறுக்கும் கொண்ட திரையில் மூன்று இலட்சத்து ஏழாயிரத்து இருநூறு புள்ளிகள் உண்டு. ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனிக் கம்பி இழுப்பது இயலாத காரியம். ஆகவே, பலகை ஒரு வரியின் புள்ளிகளை இடமிருந்து வலமாக ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும். பின்னர் அடுத்த வரி. கடைசி வரி முடிந்ததும் மீண்டும் மேலிருந்து. இவ்வாறு ஒரு செக்கனில் அறுபது முறை.

இங்கேதான் எண்கள் நுழைகின்றன. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலைக் கடக்கும் மிதவையை அவ்வூரார் 'பாதை' என்பர். காலை வேளையிலே சனம் எல்லாம் ஒரே கரையில் நின்று மறுகரை போகக் காத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். பாதை ஆட்களை ஏற்றிக் கடக்கும், மறுகரையில் இறக்கியபின் சிறிது தரிக்கும், திரும்பப் புறப்படும் அறிவிப்பு எழும், வெறுமையாகவே திரும்பும், இக்கரையில் அணைந்து, கயிறு கட்டி, நிலைத்தபின்பே அடுத்த ஆட்கள் ஏறலாம். ஏற்றிச் செல்லும் நேரத்தை மட்டும் கணக்கிட்டு ஒருவர் அட்டவணை எழுதுவாராயின், இரண்டாம் முறையிலேயே ஆட்கள் கடலில் கால் வைக்க நேரும்.

பழைய தொலைக்காட்சிக் குழாயில் மின்னணுக் கற்றை இதையே செய்தது. ஒரு வரியை எழுதி முடித்ததும், அடுத்த வரியின் தொடக்கத்துக்கு வெறுமையாகத் திரும்ப அதற்கு நேரம் வேண்டியிருந்தது. தட்டைத் திரையில் கற்றையும் இல்லை, திரும்புதலும் இல்லை. எனினும் அந்த வெற்று நேரம் வழக்கமாக நிலைத்துவிட்டது; திரையின் உள்ளிருக்கும் மின்சுற்றுக்கள் ஒரு வரியை வாங்கி வைத்து அடுத்ததற்கு ஆயத்தமாகவும் அது பயன்படுகின்றது. மேற்சொன்ன 640க்கு 480 திரைக்கு நெடுங்காலமாக வழங்கும் கணக்கைக் கேளுங்கள். ஒரு வரியிலே 640 துடிப்புக்கள் புள்ளிகளுக்கு. அவை முடிந்தபின் 16 துடிப்புக்கள் வெறுமை. அதன்பின் 96 துடிப்புக்கள் 'வரி முடிந்தது' என்னும் ஒத்திசைவு அறிவிப்பு. பின்னர் மீண்டும் 48 துடிப்புக்கள் வெறுமை. ஆக 800. மேலிருந்து கீழாகவும் அவ்வாறே: 480 வரிகளுடன் 10, 2, 33 சேர்ந்து 525. எண்ணூற்றை ஐந்நூற்றிருபத்தைந்தாற் பெருக்கி, அதனை அறுபதாற் பெருக்கினால், செக்கனுக்கு ஏறக்குறைய இரண்டு கோடியே ஐம்பத்திரண்டு இலட்சம் துடிப்புக்கள். இவற்றிலே நாலிலொன்றுக்கும் மேற்பட்டவை எந்தப் புள்ளியையும் சுமப்பதில்லை. அறிவிப்புக்கு முன்னும் பின்னும் உள்ள வெற்றிடங்களுக்கு ஆங்கிலேயப் பொறியியலாளர் வீட்டு முகப்பின் பெயரை இட்டனர். யாழ்ப்பாணத்து வழக்கிற் சொன்னால் ஒன்று முன் விறாந்தை, மற்றையது பின் விறாந்தை. வீட்டுக்கு வெளியேயும் தெருவுக்கு உள்ளேயும் இருப்பதாகையால் பெயர் பொருந்தவே செய்கிறது.

ஒரு திரைக்கு உரிய எண்கள் இன்னொரு திரைக்கு உரியவையல்ல. அளவும் முனைகளும் ஒன்றாயிருந்தாலும், பின் விறாந்தை 48 எனக் கேட்கும் திரைக்குப் பலகை 88 கொடுக்குமாயின், படம் நாற்பது புள்ளி தள்ளியே விழும், ஓரம் வெட்டுண்ணும். சில திரைகள் துடிப்பு ஏறும்போது புள்ளியை வாங்கிக்கொள்ளும்; சில இறங்கும்போது வாங்கும். அதனை மாற்றிச் சொல்லிவிட்டால், படம் இடம் மாறாது, ஆனால் எழுத்தின் விளிம்புகளிலே மின்மினிகள் போலப் பொறி பறக்கும். இதைக் கண்டு வடம் பழுதென்று வடத்தை மாற்றுவோர் உண்டு. திரை முழுவதும் வெள்ளையாக நிற்குமாயின், பின்னொளி வந்துவிட்டது, செய்தி மட்டும் வரவில்லை என்பது பொருள். முறுக்குத் திரைகளிற் பெரும்பாலானவை செய்தியற்ற நிலையிலே ஒளியைக் கடக்க விடுவன ஆதலின், வெண்மையே அவற்றின் மௌனம்.

மேசைக் கணினியின் திரைகளுக்கு இத்தொல்லை இல்லையே என்று நேயர்கள் கேட்கக்கூடும். உண்மைதான். 1994 ஆம் ஆண்டு முதல், அத்திரைகள் தம் எண்களை 128 பைட்டுக் கொண்ட ஒரு சிறு குறிப்பாகத் தம்முள்ளேயே வைத்திருந்து, வடத்தின் வழியே கணினிக்குச் சொல்லும் முறை வகுக்கப்பட்டது. கணினி கேட்கும், திரை விடை கூறும், படம் தோன்றும். கருவிகளுக்குள் பதிக்கப்படும் மலிவான வெறுந்திரைகளிற் பலவற்றுக்கு இந்த வாய் இல்லை. அவற்றின் எண்களை மனிதர் ஒருவர் தரவுத்தாளைப் பார்த்துப் பலகைக்கு எழுதிக்கொடுத்தல் வேண்டும்.

எழுதிக்கொடுப்பது எங்ஙனம்? இதற்கு நல்ல எடுத்துக்காட்டு பெங்களூரிலேயே உண்டு. இந்திய விஞ்ஞானக் கழகத்தின் கணினித்துறைப் பேராசிரியர்களான விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வினய் ஆகியோர் என்கோர் நிறுவனத்தாருடன் சேர்ந்து, எளியோரும் வாங்கத்தக்கதொரு கையடக்கக் கணினியை வகுத்தனர். சிம்பியூட்டர் எனப் பெயரிடப்பட்ட அதன் முன்மாதிரி 2001 இல் வெளிப்பட்டது. ஓர் ஊரார் பலர் ஒரே கருவியைப் பகிர்ந்துகொள்ளும் பொருட்டு அட்டை செருகும் வாயும், எழுத்தறியாதாரும் பயன்படுத்தும் பொருட்டு இந்திய மொழிகளை வாசித்து ஒலிக்கும் மென்பொருளும் அதில் அமைந்திருந்தன. முகத்திலே 320க்கு 240 புள்ளிகள் கொண்ட திரவப் பளிங்குத் திரை. உள்ளே இன்ரெல் நிறுவனத்தின் ஸ்ரோங் ஆம் 1110 என்னும் சில்லு. அதன்மேல் லினக்சு இயக்குதளம்.

அந்தச் சில்லுக்குள்ளேயே திரைக்கட்டுப்படுத்தி ஒன்று இருந்தது. அதற்கு நான்கு முதன்மையான பதிவகங்கள். பதிவகம் என்பது எண் எழுதி வைக்கும் சிறு அறை எனக் கொள்க. முதலாவதில் திரை ஒரே நிறமா பல நிறமா, புள்ளிதோறும் ஆளி உடையதா அற்றதா என்பவை குறிக்கப்படும். இரண்டாவதில் ஒரு வரியின் புள்ளித் தொகையும் அவ்வரியின் விறாந்தைகளும். மூன்றாவதில் வரிகளின் தொகையும் அவற்றின் விறாந்தைகளும். நான்காவதில், சில்லின் மூலத் துடிப்பை எத்தனையாற் பிரித்துப் புள்ளித் துடிப்பை ஆக்குவது என்னும் எண்ணும், துடிப்பின் ஏற்ற இறக்கக் குறிகளும். இவற்றோடு இன்னுமொரு நுட்பமும் உண்டு. திரவப் பளிங்குக்கு மின்னழுத்தம் ஒரே திசையில் நிலைத்து நிற்றலாகாது. நின்றால் அப்பொருள் கெட்டு, பழைய படத்தின் நிழல் மறையாத தழும்பாகும். ஆதலின், இத்தனை வரிக்கு ஒருமுறை திசை மாற்றுக என்னும் எண்ணையும் அதே நான்காம் அறையில் எழுதுதல் வேண்டும்.

அச்சில்லில் மற்றொரு சிக்கலும் இருந்தது. மின்கலத்தைச் சேமிக்க வேண்டிச் சில்லின் வேகத்தைக் குறைத்தால், அதிலிருந்து பிரித்தெடுக்கும் புள்ளித் துடிப்பும் உடன் குறைந்து, திரை கண்கூசி நடுங்கத் தொடங்கும். வேகம் மாறும்போதெல்லாம் பிரிக்கும் எண்ணையும் மாற்றிக்கொள்ளுமாறு லினக்சின் திரை இயக்கியை எழுதியவர்கள் அமைத்தார்கள். மின்சாரம் அருமையான இடத்துக்காக ஒரு கருவியை வகுப்போர் இத்தகைய சிறுமைகளையெல்லாம் எண்ண வேண்டியிருக்கிறது.

சிம்பியூட்டர் எதிர்பார்த்தவாறு விலைபோகவில்லை. 2004 இல் பாரத் எலெக்ரோனிக்ஸ் நிறுவனத்தின் துணையுடன் அமிடா என்னும் பெயரில், நிறத்திரை கொண்ட வகையும் சேர்ந்து, சந்தைக்கு வந்தும், கைத்தொலைபேசியின் வெள்ளத்தில் அது அமிழ்ந்தது. அதனைத் தோல்வி என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அதனை வகுத்தவர்கள் செய்த ஒரு காரியம் கவனிக்கத்தக்கது. பலகையின் வரைபடங்களையும் விவரங்களையும் பூட்டி வையாது, யாவரும் படித்துத் திருத்தத்தக்கதொரு பொது உரிமத்தின் கீழ் வெளியிட்டனர். எந்த அறையில் எந்த எண் என்பது வெளிப்படையாயிருக்கும் பலகைக்கு வேறொரு திரையைப் பொருத்த ஒரு மாணவனால் முடியும். எண்களை மறைத்து விற்கும் பலகையின் திரை உடைந்தால், பலகையும் சேர்ந்தே குப்பைக்குப் போகும். கொழும்புக்கு அனுப்பிப் பல வாரம் காத்திருந்து, 'இது திருத்த முடியாது' என்னும் விடையோடு திரும்பப் பெறுவது தீவகத்தாருக்குப் புதிய அனுபவமன்று.

அந்த நான்கு அறைகளின் காலத்தைவிட இன்று வழி எளிதாகியிருக்கிறது. 2012 இல் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த ராஸ்பெரி பை போன்ற பலகைகளில், நிரல் எழுதத் தெரியாதவரும் தொடக்கக் கோப்பொன்றிலே இந்த எண்களை ஒரே வரியில் வரிசையாக எழுதலாம். லினக்சிலே 'சாதன மரம்' எனப்படும் ஏட்டுமுறையும் வந்துள்ளது: இன்ன திரை, இத்தனை புள்ளி, முன் விறாந்தை இவ்வளவு, பின் விறாந்தை இவ்வளவு என்று பெயரும் எண்ணுமாக மனிதர் வாசிக்கத்தக்க முறையில் எழுதி, இயக்குதளத்திடம் ஒப்படைத்தல். பழைய காணி உறுதியிலே வடக்கெல்லை, கிழக்கெல்லை குறிப்பது போன்றது இது. எனினும் எல்லை தெரியாமல் உறுதி எழுத முடியாது. தரவுத்தாள் இல்லாமல் ஏடு எழுத முடியாது. ஆகவே, மலிவாகக் கிடைக்கிறது என்று தாளில்லாத் திரையை வாங்குவோர், திரையின் முதுகில் ஒட்டியிருக்கும் மாதிரி எண்ணையாவது முதலில் குறித்துக்கொண்டு, அதற்குரிய தாளைத் தேடிப் பெற்ற பின்னரே காசைக் கொடுத்தல் நன்று.

புள்ளிகளைப் பற்றி இன்னுமொன்று. ஆங்கில எழுத்தை ஐந்துக்கு ஏழு புள்ளியில் அடக்கிவிடலாம். தமிழெழுத்து அதற்கு அடங்காது. 'ஊர்காவற்றுறை' என்னும் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துக்கள் ஏழு, ஆனால் 'கா'வின் காலையும் 'றை'யின் ஐகாரக் கொம்பையும் தனியே எண்ணினால் திரையில் வரையவேண்டிய உருவங்கள் ஒன்பது. மேலே இரண்டு புள்ளிகள். 'று'வுக்குக் கீழே ஒரு சுழி. மேலுக்கும் கீழுக்கும் இடம் விடாத எழுத்துருவிலே புள்ளி உடலோடு ஒட்டி, 'ற்' எது 'ற' எது என்பது தெரியாது போகும். உருவொன்றுக்குப் பதினாறு புள்ளி அகலம் கொடுத்தால், 240 புள்ளி அகலமாகப் பிடித்த சிறு திரையிலே வரிக்குப் பதினைந்து உருவங்களே கொள்ளும். ஊர்காவற்றுறை அடங்கும், அதன் பக்கத்தில் நயினாதீவையும் எழுத இடம் போதாது. தமிழிலே அறிவிப்புக் காட்டும் கருவியை வகுப்போர், விலை குறைந்த திரையைத் தெரிந்தெடுக்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை என்பதற்கு, ஆங்கிலம் மட்டுமே பேசும் பொறிகள் இத்தனை இருப்பது சான்று.

எண்கள் யாவும் சரியாக எழுதப்பட்ட பின்னும் ஒழுங்கு என ஒன்றுண்டு. திரையை எழுப்பும்போது முதலில் திரையின் மின்சுற்றுக்கு மின்சாரம். அடுத்துத் துடிப்புக்களும் புள்ளிகளும். படம் நிலைத்த பின்னரே பின்னொளி. இடையில் எத்தனை மில்லிசெக்கன் தரிக்கவேண்டும் என்பதும் தரவுத்தாளில் இருக்கும். அணைக்கும்போது இவ்வொழுங்கு தலைகீழாகும்: பின்னொளியை முதலில் அணைத்து, பின்னர் துடிப்பை நிறுத்தி, கடைசியாக மின்சாரத்தை எடுத்தல் வேண்டும். துடிப்பு நின்றபின்னும் மின்சாரம் இருந்தால், முன்னர்க் கூறிய ஒரே திசை மின்னழுத்தம் பளிங்கின்மீது நின்று தழும்பை உண்டாக்கும். மின்சாரம் அடிக்கடி திடீரெனப் போய் வரும் இடங்களிலே, பலகைக்கு இந்த ஒழுங்கை முடிக்கும் அளவு சில கணங்களாவது மின்னைத் தாங்கி வைக்கும் சிறு கொள்ளளவியொன்றையோ மின்கலத்தையோ சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும்.